என் கை நடுக்கத்துக்குப் பாவம் தேடியவர்கள்

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் நீலசந்திராவில் இருக்கிறேன். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் தையல் மெஷின் வேலை. நாற்பத்திரண்டு வயதில் எங்கள் சபையில் கீபோர்டு கற்றுக்கொண்டேன். வீட்டில் நன்றாக வாசிப்பேன். ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்தால் போதும், இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கும். விரல் தப்புத் தப்பாக விழும்.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் பாடகர் குழுத் தலைவர். பிரதர் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "சிஸ்டர், உள்ள ஏதோ மறைச்ச பாவம் இருக்கு. அறிக்கை பண்ணுங்க, நடுக்கம் தானா நின்னுடும்."

நானும் நம்பினேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். வெறும் வயிற்றோடு இருந்தால் கை நடுங்காமல் என்ன செய்யும்? மாமியாரிடம் பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சண்டை என்றே அவருக்கு நினைவில்லை.

கடைசியில் பிரதர், "வர்ற ஞாயித்துக்கிழமையும் நடுங்குச்சுன்னா விட்டுடுங்க, போன்ல மியூசிக் டிராக் போட்டுப் பாடிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். கம்பெனி பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஆண்டவரே, பாவம் இருந்தால் காட்டும், இல்லையென்றால் எனக்காக ஒரு ஆளையாவது அனுப்பும் என்று ஜெபித்தேன்.

எங்கள் ஹாலில் முதலில் கன்னட ஆராதனை, பிறகு தமிழ். இரண்டுக்கும் ஒரே கீபோர்டு. சுருதியை ஏற்றி இறக்க அதில் ஒரு பட்டன் உண்டு. உட்கார்ந்ததும் அது பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஞாயிறு பயத்தில் பார்க்க மறந்தேன். முதல் வரியே கீச்சென்று வந்தது. ஒருவருக்கும் குரல் எட்டவில்லை. பாட்டு நின்றது, என் கையும் நின்றது.

பிரதர் மைக்கை எடுத்தார். "சிஸ்டருக்குள்ள இருக்கிற தடை விலகணும்னு ஜெபிப்போம். எல்லாரும் கண்ணை மூடுங்க."

எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. சபையே கண்ணை மூடியது, என்னால் முடியவில்லை. அப்போது பக்கத்துக் கதவு வழியாக சரோஜம்மா ஓடி வந்தார். கன்னட ஆராதனையில் பதினெட்டு வருஷமாக வாசிப்பவர். வாசலில் செருப்பு மாட்டும்போது சுருதி காதில் விழுந்திருக்கிறது. பட்டனை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

"நான்தாம்மா ஏத்தி வச்சு மறந்துட்டேன். பயப்படாதீங்க, எனக்கும் வாரா வாரம் நடுங்குது, நோடி, பாருங்க" என்று கிசுகிசுத்துத் தன் கையை நீட்டினார். உண்மையாகவே நடுங்கியது.

பிரதர் இன்னும் என் பாவத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். ஆமென் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. நடுங்குகிற கையாலேயே வாசிக்க ஆரம்பித்தேன். கண் மூடியிருந்த சபை அப்படியே பாட ஆரம்பித்தது. இரண்டு இடத்தில் தவறினேன், அவர்கள் நிற்கவில்லை. பிரதரும் வேறு வழியில்லாமல் பாடினார். இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது ஆராதனையில் வாரம் தவறாமல் நான்தான் வாசிக்கிறேன். நடுக்கம் போகவில்லை, பயம் போய்விட்டது. சனிக்கிழமைகளில் மூன்று பெண்கள் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருத்தியான ஸ்டெல்லா கை உதற என்னைப் பார்த்து, "அக்கா, நான் எதை அறிக்கை பண்ணணும்?" என்றாள். எனக்கு வந்த கோபத்தை ஆண்டவர்தான் அடக்கினார்.

"ஒண்ணும் வேணாம், நீ வாசிம்மா" என்றேன்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் கையும் நடுங்கினால் அப்படியே அவரிடம் நீட்டுங்கள். காரணம் கேட்காமல் பிடித்துக்கொள்வார்.