நைட்டிக்குள் ஒரு வாத்துக்குஞ்சு

போன வாரம் சேலம் கடைவீதியில் ஒருவன் கம்பிக் கூண்டில் வாத்துக்குஞ்சு விற்றுக்கொண்டிருந்தான். ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றிய குஞ்சுகள். ஒன்று மட்டும் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பக்கத்துச் சாக்கடையில் போட்டான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "அது தேறாதுங்க, வேற எடுத்துக்கங்க" என்றான். எனக்கு வயிற்றைப் புரட்டியது. அவன் செய்ததாலா, கூண்டிலிருந்து வந்த வாடையாலா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஈரத் தவிடும் எச்சமும் கலந்து புளித்த வாடை அது. நீங்கள் அதை முகர்ந்ததே இல்லையென்றால் புண்ணியம் செய்தவர்.

நான் அதை முகர்ந்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் நெஞ்சின்மேலேயே.

நான் நர்ஸ். முதல் வேலை கொல்லிமலையில், ஓர் அரசு சுகாதார நிலையத்தில். பிரசவ ரத்தம், சீழ், வாந்தி எதுவும் என்னை ஒன்றும் செய்யாது. கையைக் கழுவிவிட்டு வந்து சோறு சாப்பிடுவேன். ஆனால் இறகு என்றால் ஆகாது. மலை பஸ்ஸில் யாராவது சீட்டுக்கு அடியில் கோழியைக் கட்டிப் போட்டிருந்தால், கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க நின்றுகொண்டே வருவேன். மனிதக் கழிவுக்கு முகம் சுளிக்காதவள் கோழி எச்சத்துக்குக் குமட்டுகிறாள் என்று எங்கள் டாக்டரம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில், தங்கள் சேற்று வயலை ஒட்டி ராசம்மாக்காவின் வீடு. அதில் ஓர் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அக்காவின் தங்கை அடிவாரத்திலிருந்து வாத்து முட்டை கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அக்கா அதை ஒரு கோழிக்கு அடைவைத்தார். "மலைக்குளிருக்கு வாத்து தங்காது" என்று அவர் புருஷன் சொன்னதே போதும், எப்படியும் வளர்த்துக் காட்டுவது என்று அக்காவுக்கு வீம்பு வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து, மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணி சரிந்தது. அக்கா கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் விழுந்தார். வாத்து முட்டை பொரியக் கோழி முட்டையைவிட நாளாகும். கோழிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எழுந்து போய்விட்டது.

"கண்ணு, அந்தக் கூடையைக் கொஞ்சம் பாரு சாமி" என்று அக்கா கட்டிலிலிருந்து கூப்பிட்டார்.

பார்த்தேன். முட்டைகள் கெட்டுப்போயிருந்தன. ஒன்று வெடித்துப் பச்சையாக வழிந்து வைக்கோல் முழுக்கப் பரவியிருந்தது. மூச்சுக்குள் போன அந்த நாற்றம் இரண்டு நாள் என் சோற்றிலும் இருந்தது. அந்தக் கொழகொழப்புக்கு நடுவில் ஒரு முட்டை ஓடு பாதி உடைந்து, உள்ளிருந்து ஓர் அலகு நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டை விலக்கினேன். ஈரமும் வழவழப்புமாக, கண் மூடி, தொப்புளில் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டு, ஒரு காலைப் பக்கவாட்டில் விரித்துப்போட்டபடி அது கிடந்தது. இவ்வளவு அசிங்கமாக ஓர் உயிர் பிறக்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

"தூக்கிக் காக்காய்க்குப் போடுங்க நர்சம்மா" என்றார் அக்காவின் புருஷன்.

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஏணியிலிருந்து விழுந்தபோதுகூட அழாத பெண்.

கையில் உறையை மாட்டிக்கொண்டு வந்தேன். வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து மேலே குண்டு பல்பு தொங்கவிட்டேன். விரிந்த காலைக் கட்டுத்துணிக் கீற்றால் மற்றக் காலோடு சேர்த்துக் கட்டினேன். இங்க் ஃபில்லரில் சர்க்கரைத் தண்ணீர். அவித்த முட்டை மஞ்சள் கருவை நசுக்கிக் கொடுத்தபோது, முட்டையிலிருந்து வந்ததற்கே முட்டையா என்று எனக்கு மறுபடியும் குமட்டல். அது குடித்ததும் கழியும். கழிந்தது பின்பக்கம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதையும் நான்தான் ஊறவைத்து எடுக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுப்பேன்.

மறுநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. பல்பு அணைந்த கொஞ்ச நேரத்தில் குஞ்சு நடுங்கியது, பிறகு நடுக்கமும் நின்றது. குளிரில் உயிர் அடங்கும் அந்த அடையாளம் எனக்குத் தெரியும். குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன்.

"ஏனுங்க நர்சம்மா," என்றார் அக்கா. "எடை கொறஞ்ச புள்ளைங்கள நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கச் சொல்றீங்கல்ல? இதுக்கு மட்டும் என்னங்க?"

"அய்யோ அக்கா, அது மனுசக் கொழந்தைங்க."

"குளிரு எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க. எங்கிட்டக் கொடுங்க, நான் வெச்சுக்கறேன்."

கட்டோடு அவர் புரண்டு கை நீட்டிய வேதனையைப் பார்க்க முடியவில்லை. கண்ணை இறுக மூடி, குஞ்சை எடுத்து நைட்டிக்குள் விட்டு, மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டேன். சேற்றுத் தவளையை உள்ளே விட்டதுபோல் இருந்தது. சில்லென்ற அலகு தொண்டைக்குழியில் இடித்தது. உடம்பெல்லாம் கூசிப்போய் ஒரு மரக்கட்டையைப்போல உட்கார்ந்திருந்தேன். மழை விடவில்லை. சாயங்காலம் மெதுவாக ஓர் அசைவு. அடுத்து, சூடாக ஏதோ வயிற்றை நோக்கி வழிந்தது.

"அக்கா! ஆயி போயிருச்சுங்க!" என்று அலறினேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "அப்ப உசுரு இருக்குது சாமி!"

அந்த ஊரில் கிடைத்த சோப்பெல்லாம் தேய்த்துக் குளித்தும் அந்த வாடை என்னைவிட்டுப் போகவில்லை.

குஞ்சு தேறியது. அழகான வாத்தாக வளர்ந்தது என்று எழுத ஆசைதான். வளர்ந்தது ஒரு நாற்றம்பிடித்த, சத்தக்கார ஆண் வாத்து. சேற்று வயலில் புழு பிடித்துத் தின்றுவிட்டு நேராக என் அறை வாசலுக்கு வந்துதான் கழியும். காலெடுத்து வைக்கும்போதெல்லாம் திட்டுவேன். அக்கா கம்பை ஊன்றி நடக்கத் தொடங்கியபோது, அவர் பின்னால் அதுவும் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தது. மாற்றல் வந்து நான் மலை இறங்கியபோது, நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு வயலை விற்றார்கள். வாங்கியவர்கள் மண் கொட்டி மேடாக்கினார்கள். "எறங்கறதுக்குச் சேறு இல்லாம, நம்ம வாத்து பாத்திரங் கழுவற தண்ணியிலயே கெடந்து செத்துப்போயிருச்சு கண்ணு" என்று அக்கா போனில் சொன்னார். வீட்டையும் விற்றுவிட்டு இப்போது அவர் மகளோடு அடிவாரத்தில் இருக்கிறார்.

இந்த வருஷம் குடும்பத்தோடு மலைக்குப் போயிருந்தபோது அந்த இடத்தைத் தேடிப் போனேன். டைல்ஸ் போட்ட தங்கும் விடுதி. வயல் இருந்த இடத்தில் நீல நிறத்தில் நீச்சல்குளம். சேறில்லை, புழுவில்லை, எச்சமில்லை. மருந்து போட்ட தண்ணீரின் வாடை மட்டும். காலைப் பார்த்து வைக்க வேண்டிய அவசியமே இல்லாத அந்தத் தரையில் கொஞ்ச நேரம் நின்றேன். வாந்தி வரும்போல் இருந்தது.