நெஞ்சுக்கறி யாருக்கு

எங்கள் வீட்டில் கோழி வாங்கினால் நெஞ்சுக்கறி யாருக்கு என்று சண்டை வந்ததே இல்லை. கால் இரண்டும் அப்பாவுக்கு. ஈரல் தம்பிக்கு. விருந்தாளி வந்தால் அப்பா ஒரு காலை விட்டுக்கொடுப்பார். அதை ஏதோ சொத்தை எழுதிக் கொடுத்ததுபோல ஒரு வாரம் பேசுவார். கழுத்தும் முதுகும், சக்கையாக இருக்கும் நெஞ்சுக்கறியும் அம்மாவுக்கும் எனக்கும். பொட்டப்புள்ளைக்குக் கால் எதுக்கு என்று இதற்கு ஒரு நியாயம் வேறு. இன்றும் கறி விருந்தில் யாராவது கரண்டியால் குழம்பைத் துழாவிக் காலைத் தேடினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் பாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குப் பாக்டரியில் வேலை. அம்மா கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் டிரெயினிங் முடித்தவள். முடித்து என்ன, எங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள், அவ்வளவுதான். நான் நாலாவது படித்தபோது குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "அக்காளும் மச்சானும் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்றார். எங்கள் வீட்டில் ஒரு கட்டில் வாங்குவதென்றாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து அத்தையும் மாமாவும் வந்து தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா டிவி சமையல் நிகழ்ச்சியில் அந்தக் கோழியைப் பார்த்தாள். நெஞ்சுக்கறியை விரல் நீளத்துக்கு அரிந்து, மசாலாவில் ஊறவைத்து, மைதாவில் புரட்டி, முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் உருட்டிப் பொரித்தார்கள். தட்டில் அடுக்கியபோது எல்லாத் துண்டுகளும் ஒன்றுபோல இருந்தன. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல காலுமில்ல, கழுத்துமில்ல பாரு கண்ணு. யாருக்கு எதுங்கற பேச்சே வராது" என்றாள்.

ரொட்டித்தூளுக்கு எங்கே போவது? பேக்கரியில் வர்க்கி பிஸ்கட் டின்னின் அடியில் உதிர்ந்து கிடந்ததை வாங்கிவந்தாள். அதைத் துணியில் கட்டி நான்தான் சப்பாத்திக் கட்டையால் தட்டினேன். முதல் ஈடு கரிந்துபோனது. வர்க்கியில் சர்க்கரை இருக்கிறதல்லவா, எண்ணெயில் விழுந்ததும் கறுத்தது. உள்ளே கறி வேகவே இல்லை. அடுத்த ஈட்டுக்கு அம்மா துண்டுகளைத் தட்டி மெலிதாக்கினாள், தீயைத் தணித்தாள். பொன்னிறமாக வந்தது. அப்பாவும் தம்பியும் முன்னறையில் காலோடும் ஈரலோடும் இருக்க, நாங்கள் இருவரும் அடுப்படியில் நின்றபடியே ஊதி ஊதித் தின்றோம். கடித்தால் நொறுங்கும் சத்தம் காதுக்குள் கேட்டது. சக்கை என்று ஒதுக்கிய கறியில் இவ்வளவு சாறு இருந்திருக்கிறது. அம்மா சரிசமமாகத்தான் பங்கு வைத்தாள். அவள் பங்கில் ஒன்றை நான் எடுத்தபோது சிரித்தாள்.

வாசம் பிடித்து அப்பா வந்துவிட்டார். ஒன்றைக் கடித்துப் பார்த்து, "இது நெஞ்சுக்கறியா?" என்று நம்பாமல் கேட்டார். மிச்சத்தைத் தட்டோடு எடுத்துக்கொண்டார். போகிற போக்கில், "மச்சான் வர்றப்ப இதையே செஞ்சிரு" என்றார். எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாச் சாப்பிட்டு வயிறு குளுந்துட்டாங்கன்னா வேண்டாம்னு சொல்ல வாய் வராது" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். குளிர் குளிர் என்று சொல்லிக்கொண்டே மாமா குல்லாவைக் கழற்றாமல் சாப்பிட உட்கார்ந்தார். அத்தையும் பெண்தான், ஆனால் அப்பாவுக்கு அக்காள். அந்தக் கணக்கில் அவளுக்கு ஆண்களோடு பந்தி. அம்மா விடிந்ததிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பொரித்ததில் கொஞ்சத்தை மூடிபோட்ட போசியில் வைத்து என்னிடம் கொடுத்தாள். "இது நம்ம ரெண்டு பேருக்கும். அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்."

தட்டு தட்டாகப் போனது. தம்பிதான் கொண்டுபோய்க் கொடுத்தான், வழியில் ஒன்றிரண்டைத் தின்றுகொண்டே. "ஏனுங்க மாப்ள, கடையில வாங்குனாப்பல இருக்குதுங்களே" என்று மாமாவின் குரல் கேட்டது. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அப்புறம் அப்பா உள்ளே வந்தார். வாணலி காலி. அவர் கண் போசியின் மேல் விழுந்தது. நான் அதை மார்போடு இறுக்கிக்கொண்டேன். "உடு கண்ணு, மாமாவுக்கு" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அம்மா தடுக்கவில்லை. அந்த நேரத்தில் அப்பாவைவிட அவள்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் போய் நின்றாள். அப்பா வாயில் கறியோடு பேச்சை எடுத்தார். மாமா நிதானமாகக் கேட்டார். விரலிலிருந்த வர்க்கித்தூளை நக்கிக்கொண்டார்.

"வேலைங்களா? இந்தக் கைப்பக்குவத்தை வெச்சுக்கிட்டு தங்கச்சி எதுக்குங்க குன்னூருக்குப் பஸ் ஏறோணும்? இதாட்டம் ஆக்கிப் போட்டுட்டு ஊட்டுல இருந்தாப் போதாதுங்களா?"

"எந்தம்பி குடுத்து வெச்சவன்" என்றாள் அத்தை.

அப்பா பெருமையாகச் சிரித்தார். அவ்வளவுதான், முடிந்தது. மாமா கெட்டவர் இல்லை, குரலை உயர்த்தக்கூட இல்லை. மனதாரப் பாராட்டித்தான் சொன்னார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். திட்டியிருந்தால் அம்மா பதில் பேசியிருப்பாள். பாராட்டுக்கு என்ன பதில் சொல்வது?

"இன்னும் இருக்குதாம்மா?" என்று மாமா கேட்டார்.

"இல்லீங்ண்ணா, தீந்துருச்சுங்க" என்றாள் அம்மா.

அவர்களை ஏற்றிவிட அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போன பிறகு அம்மா அடுப்படிக்கு வந்தாள். மிஞ்சியிருந்த வர்க்கித்தூளைப் பின்கதவைத் திறந்து வீசினாள். வாணலியைத் தொட்டியில் போட்ட போட்டில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். நான் காலிப் போசியை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"எனக்கு ஒண்ணுகூட வெக்கலைம்மா."

"எனக்குந்தான் வெக்கல" என்றாள். அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. நம்மைப்போல அம்மாவும் ஏமாந்திருக்கிறாள், பாவம் என்று தோன்றியது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, அடுத்த வாரம் நாம் மட்டும் செய்து சாப்பிடலாம் என்று பெரிய மனுஷியாட்டம் ஆறுதல் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் தேய்த்தாள்.

அடுத்த வாரம் நெஞ்சுக்கறி பழையபடி குழம்பில் கிடந்தது. அதற்கடுத்த வாரமும். குன்னூர் வேலைக்கு வேறு யாரோ சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். அப்பா தாமே ஒருநாள் வர்க்கித்தூள் வாங்கிவந்து வைத்தார். அது டப்பாவிலேயே நமுத்துப்போனது. கேட்டுக் கேட்டுப் பார்த்து, நானும் அவரும் ஒரு கட்சியாகிவிட்டோம்.

"நாலு துண்டு கறிக்கா உங்கம்மாளுக்கு இத்தனை நாள் கோபம்?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு அந்தக் கறிமேல் இவ்வளவு ஆசை இருந்திருக்கிறதே என்று நானும் ஆச்சரியப்பட்டேன்.