ஈயம் எங்கிருந்து வந்தது

1. படிப்பு முடிந்தவன்

ரெண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் திருவண்ணாமலையில் போஸ்ட் டாக்டரல் ஆராய்ச்சி செய்தேன். வேங்கிக்காலில் வாடகை மாடி. கிணற்றுத் தண்ணீரை எடுத்து, ஃபில்டர் யூனிட்டில் வடிகட்டி, அதில் மிதக்கும் உலோக நானோ துகள்களைப் பார்க்க சென்னை லேபுக்கு அனுப்ப வேண்டும். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரம் துகளை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு சின்ன விஷயத்தை நம்பி என் எதிர்காலம் இருந்தது.

வீட்டுக்காரருக்கு என்மேல் சந்தேகம். டாக்டர் பட்டம் வாங்கியாச்சா என்று கேட்டார். வாங்கியாச்சு என்றேன்.

"அப்புறம் ஏன் சார் இன்னும் படிக்கிறீங்க?"

இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2. பெஞ்சு

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, செல்வி என்பவர் டீக்கடை வைத்திருந்தார். கணவர் இறந்த பிறகு அந்தக் கடைதான் குடும்பம். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்னால் சொந்தக் கிணறு. டீ, மோர், பௌர்ணமிக் கூட்டத்துக்குக் குடிதண்ணீர், எல்லாம் அதிலிருந்துதான். நான் பாட்டிலோடு போகும்போதெல்லாம் டீ கொடுத்துவிட்டுத்தான் கிணற்றுப் பக்கம் விடுவார்.

ஐப்பசியில் அந்தக் கிணற்றின் ரிசல்ட் வந்தது. ஈயத் துகள்கள், ஏகத்துக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருத்தர் தண்ணீரில் விஷம் இருப்பதற்குச் சந்தோஷப்படும் தொழில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பேராசிரியருக்கு அனுப்பி அவர் சரிபார்க்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. நான் பஸ் ஏறி நேராக டீக்கடைக்குப் போனேன்.

பெஞ்சில் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி டீ ஆற்றிக்கொண்டே, எங்க தண்ணி எப்படி சார் என்று சும்மா கேட்டார்.

"ஈயம் ஜாஸ்தியா இருக்குதுங்க. குடிக்க வேணாம்."

ஆற்றிய கை நின்றது. பெஞ்சில் ஒருத்தர் கையிலிருந்த கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

3. கேன்

அடுத்த தடவை எடுத்த எல்லாக் கிணற்றிலும் ஈயம். எனக்கே கொஞ்சம் உறுத்தியது. நான் குடிக்கிற கேன் தண்ணீரையும் வடிகட்டி அனுப்பினேன். அதிலும் ஈயம், அதே அளவு.

அன்றைக்குத்தான் ஃபில்டர் யூனிட்டை முழுசாகப் பிரித்துப் பார்த்தேன். ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் சிவப்பாக ஒரு கீற்று.

முதல் ரிசல்ட்டுக்கு முந்தி, ஆயுத பூஜைக்கு வீட்டுக்காரர் மண்வெட்டி, ஸ்கூட்டர், தையல் மெஷின் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார். உங்க ஆயுதத்தையும் கொண்டாங்க என்றார். கொண்டுபோனேன். சந்தனமும் குங்குமமும் வைத்தது நானேதான், மூன்று இடத்தில், அழகாக. மறுநாள் டிஷ்யூ பேப்பரால் துடைத்துவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று நம்பினேன். இப்போது அந்தக் குங்குமத்தை லேபுக்கு அனுப்பினேன். சாயத்துக்காக அதில் ஈயச் செந்தூரம் கலந்திருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பிளாங்க் போதும். சுத்தமான தண்ணீரை அதே கருவியில் விட்டு, கருவியே ஏதாவது சேர்க்கிறதா என்று பார்ப்பதற்குப் பெயர்தான் பிளாங்க். அந்தத் தண்ணீர் சென்னையிலிருந்து வர வேண்டும் என்பதால், அதை வீணாக்காமல், பிளாங்க் ஓட்டாமலே மிச்சம் பிடித்தேன்.

4. திருத்தம்

மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீரைப் புது யூனிட்டில் வடிகட்டி அனுப்பினேன், ஈயம் இல்லை. அதைச் சொல்லக் கடைக்குப் போனபோது பெஞ்சு காலி. பஞ்சாயத்துக் குழாயிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்துதான் செல்வி டீ போட்டுக்கொண்டிருந்தார். அப்படியும் ஆள் வரவில்லை. தப்பு என்னுடையது, கிணறு நல்ல கிணறு என்று எல்லாவற்றையும் சொன்னேன். குங்குமம் வரைக்கும் சொன்னேன். அவர் முன்னாலேயே கிணற்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டு குடித்தேன். எதிர்க்கடைக்காரர் பார்த்துச் சிரித்தார்.

"பாவம், சார் வாயையும் அடைச்சுட்டாங்க போல."

செல்வி சிரிக்கவில்லை. சொம்பை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எனக்குப் புரியுது சார். அன்னிக்கு பெஞ்சுல இருந்தாங்களே, அவங்கள்லாம் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மூன்று பேரைத் தேடிப் பிடித்தேன். ரெண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தர், முதலில் சொன்னதுதான் சார் நிஜம், இப்ப யாரோ சொல்லச் சொல்லியிருக்காங்க என்றார். மற்றவர்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம், யாரோ, எவரோ.

சித்திரை பௌர்ணமிக்குக் கடை திறக்கவில்லை. மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் நிற்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது என்னிடம் வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே ரெண்டு விஷயம் சொல்கிறேன். பிளாங்க் ஓட்டாமல் ரிசல்ட் பார்க்காதே. பார்த்தாலும் பெஞ்சில் ஆள் இருக்கும்போது சொல்லாதே. நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

அந்தக் கிணற்றை நான் திரும்ப மூன்று தடவை சோதித்தேன். ஈயம் இல்லை. வெளிவந்த கட்டுரையில் அதற்கு 'கிணறு 4' என்று பெயர். குடிக்க உகந்தது என்று தெளிவாக ஒரு வரி போட்டிருக்கிறேன். கட்டுரை இங்கிலீஷில் இருக்கிறது.