ஆளுக்கொரு போன்

தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்த முப்பது பெண்களில் நானும் ஒருத்தி. பட்டன் போன் காலம் அது. பாட்டும் கேலியுமாகப் போன அந்தப் பயணத்துக்கு மனசு இன்றும் ஏங்குகிறது.

ஒரு விடியற்காலை, நாங்கள் எல்லோரும் பஸ் ஏறும் இடத்தருகே யானைகள் நின்றன. எங்களில் முதலில் பார்த்த சரசக்கா, மற்றவர்களை ஒவ்வொருவராகப் போனில் எச்சரித்தார். கடைசி ஆள் நான். போன் வருவதற்குள் அந்த இடத்தை ஒட்டிய ராகிக்கொல்லை வரை நடந்துவிட்டேன். கிளை முறியும் சத்தம் கேட்டு அலறியடித்துத் திரும்பி ஓடியதால்தான் தப்பினேன்.

மறுநாள் பஸ்ஸில் என் தோழி ஸ்டெல்லா, பனி படிந்த கண்ணாடியில் விரலால் சாய்வாக மேலேறும் ஒரு நேர்கோடு போட்டாள்.

"அக்கா மட்டும் கூப்பிட்டா இப்படித்தான்டி, ஒரு போனுக்கு ஒரு ஆள்தான் கூடும். சேதி தெரிஞ்சவங்க எல்லாருமே ஆளுக்கொருத்தரக் கூப்பிட்டா? ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும், நாலு எட்டாவும்!"

பக்கத்தில் இன்னொரு கோடு வரைந்தாள். அது முதலில் தரையோடு தவழ்ந்து, பிறகு செங்குத்தாக ஏறியது.

"அஞ்சே சுத்துல முப்பது பேருக்கும் தெரிஞ்சிரும்."

பள்ளியில் புரியாத கணக்குப் பாடம் அன்றுதான் புரிந்தது. யார் யாரைக் கூப்பிடுவது என்று அங்கேயே பேசி முடித்தோம். அடுத்த முறை யானை வந்தபோது ஒருத்திகூட வாசல் தாண்டவில்லை.

இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஆனால் அவசரச் செய்தி எதுவானாலும், "நீங்களும் அடுத்தவங்களுக்குச் சொல்லுங்க, அவங்களையும் சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லாமல் நான் போனை வைப்பதில்லை.