பகையாளி வீட்டு ஒரு படி அரிசி

நான் நாலாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. நாலாவது படித்தவன் இவ்வளவு செய்திருக்கிறானே என்று நீங்கள் ஆச்சரியப்பட வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து புளியையும் கடுக்காயையும் தலைச்சுமையாக இறக்கியவன் நான். பிறகு மரவள்ளிக் கிழங்கு வியாபாரம், பிறகு லாரி, பிறகு சங்கராபுரத்தில் சொந்த எடை மேடை. என் வீட்டு இரும்பு கேட் மாதிரி ஒரு கேட் கள்ளக்குறிச்சி வரைக்கும் தேடினாலும் கிடைக்காது; இரண்டு பக்கமும் சிங்கம். இந்தக் கதையில் கேட்டுக்கு வேலை இருக்கிறது, அதனால் சொன்னேன். வேலை இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

என் மகனைச் சீனாவுக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைத்தேன். போனவன் படிப்போடு ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் படித்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரே "சீனாக்காரி" என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள்தான் என்னைத் திருத்தினாள். தேசம் சீனாதான், ஆனால் வீட்டில் பேசுவது சீனம் இல்லையாம். தெற்கே குய்சோ என்று ஒரு மாகாணம், முழுக்க மலை. அங்கே இருக்கிறவர்களைச் சீனாக்காரன் 'மியாவ்' என்று எழுதி வைத்திருக்கிறான். இவர்கள் தங்களை 'ஹ்மூ' என்று சொல்லிக்கொள்கிறார்கள். இவர்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள் மாதிரி பக்கத்து மாகாணங்களிலும் வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளிலும் ஜனம் இருக்கிறது. வேர் ஒன்றுதான், ஆனால் இந்த மலைக்காரன் பேசுவது அந்த மலைக்காரனுக்கு விளங்காது.

எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. கல்வராயன் மலை ஜனங்களையும் அரசாங்கத்தில் 'மலையாளி' என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். பேரைப் பார்த்துவிட்டு, இவர்களுக்குத் தமிழ் வருமா என்று என்னையே கேட்டவர்கள் உண்டு. மலையில் இருப்பவனுக்குக் கீழே இருப்பவன்தான் பேர் வைக்கிறான். சீனா வரைக்கும் போனாலும் இதுதான் நடக்கிறது.

மருமகள் தமிழ் கற்றுக்கொண்டது என் மனைவியிடம். அதனால் அவள் பேசுவது சுத்தமான சங்கராபுரம் தமிழ். "இன்னா மாமா, வூட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்று அவள் என்னைக் கேட்கும்போது பால்காரர் மிரண்டுபோய் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

அவள் பிள்ளை உண்டானதும் அவளுடைய அம்மா, அதாவது எங்கள் சம்பந்தியம்மா, பிரசவம் பார்க்க அங்கிருந்து வந்து இறங்கினார். என் தோள் உயரம்கூட இல்லை. உச்சியில் கொண்டை, அதில் ஒரு பெரிய துணிப் பூ. தமிழ் தெரியாது. சீனமே அரைகுறை. பேசுவதெல்லாம் அந்த மலைப் பேச்சுதான். பேசினால் படிக்கட்டில் ஏறி இறங்குவது மாதிரி இருக்கும். ஒரே சத்தத்தை எட்டு விதமான உயரத்தில் சொல்வார்களாம், எட்டுக்கும் வேறு வேறு அர்த்தமாம். நான் எதைச் சொன்னாலும் ஒரே உயரத்தில் சொல்கிறவன், அதுவும் உச்சியில். அதனால் எனக்கு வந்து சேர்ந்தது ஒன்றுதான்: 'நோங் கா'. சாப்பிடு என்று அர்த்தம். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அவர்களுக்கு ஆதியில் எழுத்து இருந்ததாம். ஆற்றைக் கடக்கும்போது புத்தகம் தண்ணீரோடு போய்விட்டதாம். அதனால் பெண்கள் எல்லாவற்றையும் பாவாடையில் தைத்து வைத்துக்கொண்டார்களாம். இப்போது பள்ளிக்கூடத்துக்காக இங்கிலீஷ் எழுத்தை வைத்து எழுதுகிறார்களாம், சம்பந்தியம்மாவுக்கு அது தெரியாது. கேட்டதும் எனக்கு அந்த அம்மாள் மேல் மரியாதை வந்துவிட்டது. வீடு நிறைய டாக்டரும் நர்ஸும் இருக்கும்போது எனக்கும் ஒரு துணை வேண்டாமா?

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சம்பந்தியம்மா கொல்லைப்புறம் போனார், மாமரத்தில் நல்ல கொப்பு ஒன்றை ஒடித்தார், கொண்டுபோய் என் சிங்க கேட்டில் கட்டினார். மருமகள் விளக்கினாள்.

"பச்சை எலை கட்டியிருந்தா வெளியாளு வரக் கூடாதுன்னு அர்த்தம் மாமா. ஒரு மாசம். மீறி செருப்புக் காலோட வந்தா தாய்ப்பாலை மிதிச்சி எடுத்துக்கினு போயிடுவாங்களாம். அப்புறம் மொதல்ல யார் உள்ள வராங்களோ அவங்க கொணம் கொழந்தைக்கு வந்துடுமாம். இதெல்லாம் நான் நம்பல. அம்மா நம்புறாங்க."

நானும் நம்பவில்லை. ஆனால் குணம் சும்மா கிடைக்கிறது என்றால் எதற்கு விட வேண்டும்? மாதம் முடிந்ததும் முதல் ஆளாகக் கள்ளக்குறிச்சியிலேயே கைராசியான பெரிய டாக்டரை அழைத்துவந்து நடக்க வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். சம்பந்தியம்மாவும் தலையாட்டினார்.

இங்கேதான் எல்லோரும் கோட்டை விட்டோம். அந்த அம்மாள் ஊரில் பச்சை இலை கட்டினால் 'வராதே'. எங்கள் ஊரில் கேட்டில் வேப்பிலை தொங்கியிருந்தால் அம்மை போட்டிருக்கிறது என்று எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். ஆனால் தொங்கியது மாவிலை. மாவிலை கட்டினால் விசேஷம். வா, வந்து இலையில் உட்கார் என்று அர்த்தம். எழுபது வருஷமாக மாவிலை பார்த்தவன் நான், எனக்கும் உறைக்கவில்லை.

வந்தவர் யார் தெரியுமா? வடக்கனந்தலார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மலையிலிருந்து புளி இறக்கிய காலத்தில் அதை வாங்கி விற்றவர். கொஞ்ச நாள் கூட்டாகவும் இருந்தோம். பிரிந்த பிறகு டீக்கடை டீக்கடையாக ஒரே பேச்சு: "அவன் என் வூட்டு சோத்தைத் தின்னு ஆளானவன்." அவர் வீட்டில் நான் சாப்பிட்டது நிஜம். ஆனால் அதற்குப் பதிலாகக் கூலி வாங்காமல் மூட்டை தூக்கினேன். அது சோறு போட்டதாகுமா? அது கூலி. இதை நான் எத்தனையோ பேரிடம் விளக்கியிருக்கிறேன். ஒருத்தராவது கேட்டார்களா என்றால் இல்லை. எங்களுக்குள் பேச்சு நின்று பல வருஷம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டு வழியாக மொபெட்டில் போனவர் மாவிலையைப் பார்த்திருக்கிறார். கல்யாணம் காட்சி என்றால் பகையாளிக்கும் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். சொல்லாமல் விட்டால் அது செருப்பால் அடித்த மாதிரி. வண்டியை நிறுத்திவிட்டுச் செருப்புக் காலோடு நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னாய்யா! பேத்திக்குப் பேர் வச்சிக்கினு இருக்கீங்களா? ஊரக் கூட்டிட்டு என்ன மட்டும் வுட்டுட்ட?"

"யோவ், யாரையும் கூப்புடல. வூட்டுல விசேஷமே இல்ல, போய்யா!"

"மாவெலை தொங்குது, விசேஷம் இல்லயாம்! சாப்புட்ட எலைய எல்லாம் எடுத்துக் கொல்லையில போட்டுட்டீங்களா, நான் பாக்கக் கூடாதுன்னு?"

அவர் குரல் சாதாரணக் குரல் இல்லை. சங்கராபுரம் சந்தையில் நின்று மணலூர்ப்பேட்டையில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரல். உள் அறையில் குழந்தை வீறிட்டு அழுதது. சம்பந்தியம்மா ஓடி வந்தார். வந்தவருடைய செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். தெரியாமல் வந்தவன் அதைக் குடித்துவிட்டுப் போனால் பால் தங்கிவிடுமாம். அது அப்போது எனக்கே தெரியாது.

வடக்கனந்தலார் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"விசேஷ வூட்டுல வந்தவனுக்குப் பச்சத் தண்ணியா? நல்லா இருக்குதுய்யா உன் மரியாதை!"

தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். சம்பந்தியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் மருமகளுக்குப் பால் இல்லை. குழந்தை கத்துகிறது. மகன் டாக்டர் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு மாவுப்பால் கலக்கினான், என் பேத்தி அதைத் துப்பினாள். பிறந்து ஒரு வாரத்திலேயே வேண்டாததைத் துப்பத் தெரிந்த பிள்ளை, என் ரத்தம். என் மனைவி கடலூர் மீன்காரியிடம் பால்சுறா வாங்கிப் புட்டு செய்தாள். சம்பந்தியம்மா இனிப்பாகப் புளிக்க வைத்த சோற்றில் முட்டையை உடைத்து ஊற்றிக் காய்ச்சினார். "பெத்தவளுக்கு எவளாவது சாராய ஊறல் குடுப்பாளா?" என்று இவள் கேட்க, அவர் அந்தப் பேச்சில் என்னவோ திருப்பிச் சொல்ல, இரண்டு பேரும் அவரவர் பாஷையில் அருமையாகச் சண்டை போட்டார்கள். பால்தான் வரவில்லை. மருமகள் நம்பிக்கை இல்லாதவள்தான், ஆனால் குழந்தை அழ அழ அவளும் அழுதாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மாமா, இன்னொரு வழி இருக்குதாம். அவர் வூட்டுலயிருந்து அரிசி கேட்டு வாங்கியாந்து, ஆக்கி நான் சாப்புடணுமாம். வூட்டுப் பெரியவங்க போயி கேக்கணுமாம்."

"யார் வூட்டு அரிசி?"

"அவரு வூட்டு அரிசி மாமா."

மகன், "நைனா, போவாதீங்க. ரெண்டு நாள்ல தானா வரும்" என்றான். அந்த நேரம் பார்த்துப் பேத்தி மறுபடியும் அழ ஆரம்பித்தாள். குரல் கம்மிப் போயிருந்தது. கத்தக்கூடத் தெம்பில்லாத அழுகை. நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். மனைவியும் கூட வந்தாள், நான் அங்கே போய் அடிதடியில் இறங்கிவிடுவேன் என்று பயம்.

வடக்கனந்தலார் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துப்பினார். வெற்றிலையைத்தான்.

"வாய்யா. இன்னா, தண்ணி கொண்டாந்தியா?"

விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"என் கண்ணு பட்டு பால் வத்திப்போச்சின்றியா? என்ன கொள்ளிக்கண்ணன்னு சொல்லத்தான் பொண்டாட்டியக் கூட்டிக்கினு வந்தியா?"

"கண்ணு இல்லய்யா. காலு."

"காலா?"

"செருப்புக் காலோட மொதல்ல உள்ள வந்துட்ட. அவங்க பக்கம் அப்படி ஒரு கணக்கு. மொத ஆளு கொணம் புள்ளைக்கு வருமாம். கூடவே பாலும் போயிடுமாம். உன் வூட்டு அரிசி தின்னாத்தான் திரும்பும்."

அவர் உட்கார்ந்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"என் கொணம், உன் பேத்திக்கு?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அடியே!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "இங்க வா! இவன் பேத்திக்கு என் கொணமாம்! சீனாவுலயே சொல்லிட்டான்!"

அவர் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். அந்தக் காலத்தில் எனக்குச் சோறு போட்ட கை. "பாவம் அந்தப் புள்ள" என்றார். பேத்தியைச் சொன்னாரா, அவள் அம்மாவைச் சொன்னாரா தெரியவில்லை. உள்ளே போய்ப் படியைத் தலைதட்டாமல் குவித்து அரிசி கொண்டுவந்தார். நான் துண்டை விரித்தேன். வடக்கனந்தலார் நடுவில் கையை நீட்டினார். அவர் விடுவாரா?

"இது யார் வூட்டு அரிசி? சொல்லிட்டு எடுத்துக்கினு போ."

என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"உன் வூட்டு அரிசி."

"கேக்கல."

கேட்கவில்லையா? எனக்கா குரல் இல்லை? மலை மேலிருந்து கத்தினால் அடிவாரத்தில் மாடு திரும்பும், அப்படிப்பட்ட குரல்.

"உன் வூட்டு அரிசிய்யா!" என்றேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"ம். இப்ப உக்காரு. சாப்புட்டுட்டுப் போ."

எதற்குச் சாப்பிட வேண்டும், அப்படி ஒரு கணக்கு அவர்கள் மலையில் சொல்லவில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள் தட்டு வைத்துவிட்டார். கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் வாங்கினேன். குழம்பு நன்றாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வீட்டில் சம்பந்தியம்மா அரிசியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, கும்பிடவில்லை. நேராகக் களைந்து உலையில் போட்டார். ஆக்கி, கோழிச்சாறு ஊற்றி, மகள் முன்னால் வைத்து "நோங் கா" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே சொல் ஆயிற்றே, நானும் கூடவே "நோங் கா" என்றேன். மருமகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "மாமா, நீங்க சொல்றது வேற என்னமோ" என்றாள். என்னவென்று கேட்டதற்குச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். தட்டைக் காலி செய்தாள். அப்படியே படுத்துத் தூங்கினாள்.

மறுநாள் விடியும்போது வீட்டில் அழுகைச் சத்தம் இல்லை. குழந்தை குடித்துக்கொண்டிருந்தது.

என் மனைவி பால்சுறா என்றாள். மகன் ஓய்வு என்றான். சம்பந்தியம்மா நேராகக் கேட்டுக்குப் போய் வாடிப்போன மாங்கொப்பை அவிழ்த்துவிட்டு வேப்பங்கொப்பைக் கட்டினார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு காக்கா வரவில்லை. கள்ளக்குறிச்சி பெரிய டாக்டரும் வரவில்லை. இனி வந்து என்ன ஆகப்போகிறது?

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஊருக்குத் திரும்பிப் போன அம்மாயியோடு போனில் மலைப் பேச்சு பேசுகிறாள், அந்த எட்டு உயரமும் அவளுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு குரல் இருக்கிறது பாருங்கள், தெருமுனையில் கூப்பிட்டால் பஸ் நிற்கும். ஊரில் எல்லோரும் வடக்கனந்தலார் குரல் என்கிறார்கள். என் குரல் என்று எவனும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

அவரும் டீக்கடையில் புதுசாக ஒன்று பிடித்துக்கொண்டார்: "அவன் மட்டும் இல்லய்யா, அவன் பேத்தியும் என் வூட்டு சோறுதான்." முன்பு மாதிரி கூலிக் கணக்கைச் சொல்லி இதை அடிக்க முடியவில்லை. என் பேத்தி அவருக்கு மூட்டை தூக்கவில்லையே! டீயைக் குடித்துவிட்டு இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நான்தான் காசு கொடுக்கிறேன்.

கேட் விஷயத்தில் மட்டும் அவரால் என்னை இன்றைக்கும் அசைக்க முடியாது. அவர் வீட்டில் வெறும் தட்டிக் கதவு.