மூணு மாசம் ஒரே வேலையில்

வேலை கேட்டு அலைவதைவிடச் சிரமமான வேலை, இன்னொருத்தருக்காக வேலை கேட்டு அலைவது. தம்பிக்கோ மச்சானுக்கோ சிபாரிசுக்குப் போய், ஒரு டம்ளர் மோரோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். உங்களுக்கு அது என்றைக்கோ ஒருநாள். கள்ளக்குறிச்சியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் எனக்கு அதுதான் உத்தியோகம். ராணுவத்திலிருந்து திரும்பி, தூக்கம் கெட்டு, மனசு கெட்டு, குடியில் விழுந்து எழுந்தவர்களுக்கு வேலை பிடித்துத் தர வேண்டும்.

என்னை அதிகம் அலையவிட்டவர் ரிஷிவந்தியம் பக்கத்து ஏகாம்பரம். பதினேழு வருஷ சர்வீஸ். பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். அவர் குடி தாங்காமல் மனைவி செல்வி மகளை அழைத்துக்கொண்டு திருநாவலூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். குடிக்காமல் ஒரே வேலையில் மூன்று மாதம் நின்றால் திரும்பி வருகிறேன், அதுவரை திருநாவலூர்ப் பக்கமே வரக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. முதல்நாள் என் முன்னால் உட்கார்ந்தபோது ஏகாம்பரம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. மூன்று மாதம் எப்போது ஆரம்பிக்கும் என்றுதான் கேட்டார்.

தொப்பியும் விசிலும்

மிலிட்டரிக்காரர் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எல்லா முதலாளிகளும் சொல்வது ஒன்றுதான்: வாட்ச்மேன். ஒரு ஜவுளிக்கடையில் யூனிபாரமே தயாராக மாட்டி வைத்திருந்தார்கள். நானும் விட்டால் போதும் என்று சேர்த்துவிட்டேன்.

நாலாம் நாள் ஏகாம்பரம், முதலாளியின் சொந்த மைத்துனரை வாசலில் நிறுத்தி, பையைப் பிரிக்கச் சொல்லி, உள்ளே இருந்த லட்டை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்திருக்கிறார். மைத்துனர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. யூனிபாரத்தை மடித்துக் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஏன்யா இப்படி என்று எரிந்து விழுந்தேன். "கேட்டாண்ட நின்னா மிலிட்டரி செக்போஸ்ட்ல பாத்த மாதிரி வர்றவன் போறவன் எல்லார் கையையுந்தான் சார் பாக்கறேன். அத மறக்கத்தான மாத்திர சாப்புட்டுக்கினு இருக்கறேன்" என்றார்.

கேன்டீன் கார்டு

அடுத்தது ஒரு அரிசி ஆலை. மூட்டை எண்ணி ஏற்றிவிடும் வேலை. யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. மிலிட்டரி என்றதும் முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். டீ வந்தது, கூடவே பிஸ்கட்டும் வந்தது. படியேறிப் பழகியவர்களுக்குத் தெரியும், பிஸ்கட் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"கேன்டீன் கார்டு இருக்குதுங்களா?" என்று கேட்டார். முன்னாள் ராணுவத்தினருக்கு அந்தக் கார்டில் மாதாமாதம் மதுபாட்டில் மலிவாகக் கிடைக்கும். எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். குடியை விட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறார் என்று இழுத்தேன். பக்கத்தில் ஏகாம்பரம் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி பெருந்தன்மையாகச் சொன்னார்: "அவரு குடிக்க வேணாங்க. வாங்கியாந்து குடுத்தா போதும், நாங்க குடிச்சிக்கறோம்."

வரிசை

கடைசியில் கைகொடுத்தவர் கல்வராயன் மலையடிவாரத்தில் நாற்றுப் பண்ணை நடத்தும் தனலட்சுமி அம்மா. மலைக்காரர்கள் பஸ்ஸில் இறங்கி வந்து மிளகுக் கொடியும் பலாக்கன்றும் வாங்கிப்போகிற இடம். அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தண்ணி எடுத்து ஊத்துவாரா?"

ஊற்றினார். அதோடு நிற்காமல் கயிறு கட்டி, கன்றுப் பைகளை நூல் பிடித்த மாதிரி வரிசையாக வைத்தார். ஒரு மாதம் ஓடியது, இரண்டு ஓடியது. நான் போகும்போதெல்லாம் வணக்கம் வைத்த கையோடு "அவங்க போன் பண்ணாங்களா சார்?" என்று செல்வியைப் பற்றிக் கேட்பார். இல்லை என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கும். மகள் போட்டோ வைத்திருந்த செல்போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொள்வார். அங்கே மண் நிரப்பும் அஞ்சலை ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஒரு கன்னு வரிசைய வுட்டு நகந்தாலும் இவருக்கு சோறு எறங்க மாட்டுதுங்க. அவரு வூட்டுக்காரம்மா சீக்கிரம் வந்தாதான் நாங்க பொழப்போம்."

ஒரு நாள்

மூன்று மாதம் முடிய பதினோரு நாள்தான் பாக்கி. காலை ஒன்பது மணிக்குத் தனலட்சுமி அம்மா போன் செய்தார். ஏகாம்பரம் வரவில்லை, சொல்லவும் இல்லை. அவர் போனும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நேராகச் செல்விக்குப் போன் போட்டு, "குடிக்கப் போயிட்டாரோன்னு பயமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். செல்வி போனை வைத்துவிட்டார். இவர்களை நம்பி வேலை கொடுங்கள் என்று எட்டு வருஷமாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான். எனக்கே நம்பிக்கை ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த மதுக்கடைகளில் எல்லாம் தேடி ஓய்ந்து உட்கார்ந்தபோது மூன்று மணி. செல்வியே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"இங்கதாங்க கீறாரு. பாப்பா ஸ்கூல்ல இன்னிக்கி ஸ்போர்ட்ஸ். அது மார்ச் போறத பாக்கறதுக்கு வந்து கேட்டுக்கு வெளிய நின்னுக்கினு இருந்தாரு. இன்னான்னு லீவு கேப்பாரு? வரக் கூடாதுன்னு நாந்தான சொன்னேன். குடிக்கலிங்க. கிட்டக்க போயி மோந்தே பாத்துட்டேன், சோப்பு வாசனதான் வந்துது. சார், இந்த ஒரு நாள லீவுன்னு எழுதிக்கச் சொல்லுங்க சார். மறுபடியும் மொதல்லருந்து மூணு மாசம்னா என்னால முடியாது."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், லீவே கேட்காத ஒருத்தருக்கு ஒரு நாள் லீவு வாங்கிக் கொடுத்ததுதான்.