கரியப்பன் சர்வருக்குக் கொடுத்த லீவு

கரியப்பன் எங்கள் ஆபீசுக்கு வேலைக்கு வந்தபோது அவர் முகத்தில் எதுவுமே இல்லை. சோகம்கூட இல்லை. எங்களுடையது தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில், ஒரு மாடியில் நடக்கும் டூரிஸ்ட் பஸ் புக்கிங் ஆபீஸ். அங்கே போனில் பயணிகளிடம் திட்டு வாங்குவது என் வேலை, பெயர் சொர்ணலதா. பதினோரு வருஷமாகத் திட்டு வாங்கியதில் ஆளை எடை போடும் பழக்கம் வந்துவிட்டது. இவரை என்னால் எடை போட முடியவில்லை.

ஹனூர் பக்கத்துக்காரர். வயது ஐம்பத்து நான்கு. இருபத்தாறு வருஷம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் லேத் ஓட்டியிருக்கிறார். கம்பெனியை மூடினார்கள். அடுத்த தை மாதம் மனைவி பாப்பம்மாள் இறந்துபோனார். "சாப்பிட்டீங்களாண்ணா?" என்று கேட்டால், "ஆச்சுங்க" என்பார். "ஊர்ல நல்ல மழையாமே" என்றாலும் "ஆச்சுங்க" தான்.

குண்டலுபேட்டையில் வாழ்க்கைப்பட்ட மகள் மாதேவி, அங்கேயே வந்துவிடச் சொல்லி வாரம் தவறாமல் கூப்பிடுவாள். மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. ஆறு மாதம் ஒழுங்காகப் பார்த்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அது கிடைத்தால் பாப்பம்மாளோடு இருந்த வாடகை வீட்டிலேயே இருந்துவிடலாம். வேறு எதிலும் அவருக்கு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

வேலை என்றால், சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்வது. ஏசி போட்ட சின்ன அறை. அதில் லினக்ஸில் ஓடும் பழைய மெஷின் ஒன்று. எங்கள் புக்கிங் அத்தனையும் அதற்குள்தான். அதற்கு மௌஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கோடு கண் சிமிட்டும். நாம் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். காலையும் மாலையும் டிஸ்க்கில் இடம் எவ்வளவு மிச்சம், மெஷின் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று அதனிடமே கேட்டு நோட்டில் எழுத வேண்டும். மேனேஜர் மஞ்சுநாத் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பத்தே நிமிஷத்தில் பொறுமை போய், அவரை என் தலையில் கட்டிவிட்டார்.

முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. லேத் டிராயிங்கில் இருக்கும் பெரிய ஆங்கில எழுத்துகள்தான் அவருக்குப் பழக்கம். சின்ன எழுத்துகளைப் படிக்கத் தடுமாறுவார். கேப்ஸ் லாக்கைப் போட்டுக்கொண்டு பெரிய எழுத்தில் எதை அடித்தாலும் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று மெஷின் சொன்னது.

"சின்ன எழுத்துலதான் அடிக்கணும்ணா" என்றேன்.

"பட்டன்ல பெருசாத்தானுங்களே அம்மிணி போட்டிருக்குது?"

நோட்டில் சின்ன எழுத்துகளை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். ஒற்றை விரலால், திருகாணியை அழுத்துகிற மாதிரி அடிப்பார். சரியாக அடித்தாலும் சில கட்டளைகளுக்கு அந்த மெஷின் பதிலே சொல்லாது. அடுத்த வரியில் சும்மா வந்து நிற்கும். தப்பு செய்தால்தான் வாயைத் திறக்கும். அது அவருக்குப் பிடித்திருந்தது. "எங்க சூபர்வைசரும் இப்பிடித்தானுங்க" என்றார்.

மூன்றாவது மாதம் மஞ்சுநாத் பாஸ்வேர்டு கொடுத்தார். கரண்ட் போய், ஜெனரேட்டரும் கைவிட்டால், பேட்டரி தீருவதற்குள் மெஷினை முறையாக அணைக்க வேண்டும். அதற்கான கட்டளையைக் கரியப்பன் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தார். அதை அடிக்கும் அவசியம் ஒருநாளும் வரவில்லை.

ஆறாவது மாதம் தசரா வந்தது. ஆயுத பூஜையன்று ஹாலில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பொரியைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பினார்கள். சீசன் நேரம் என்பதால் எனக்கு மட்டும் எட்டு மணி வரை டியூட்டி. கரியப்பன் சர்வர் ரூமைத் துடைத்து, மெஷினுக்குப் பூ வைத்துவிட்டு, நாலரைக்குப் பூட்டிச் சாவியோடு போனார்.

ஐந்து மணிக்குப் போன் அலற ஆரம்பித்தது. சீட்டு எடுக்க முடியவில்லை, பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. எல்லாத் திட்டும் எனக்கு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாமியார் வீட்டில் விருந்தில் இருந்த மஞ்சுநாத்துக்குச் சொல்லிவிட்டு, கரியப்பனைக் கூப்பிட்டேன்.

"மெஷினு லீவுல இருக்குதுங்க" என்றார், சாதாரணமாக. "பூசை போட்டாச்சுல்ல. நாளைக்குக் காலையில எழுப்பிக்கலாமுங்க."

லேத் பட்டறையில் அப்படித்தான். துடைத்து, எண்ணெய் விட்டு, பொட்டு வைத்தபிறகு சுவிட்சைத் தொட்டால் கையை வெட்டுவார்கள். பூ வைத்த மெஷினை வேலை வாங்குவது அவருக்குத் தெரிந்த உலகத்தில் இல்லாத பாவம். இந்த மெஷினைப் பூஜையன்றும் நிறுத்தக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆறு மாதம் சொல்லிக்கொடுத்த எனக்கும் தோன்றவில்லை.

இரண்டு பேரும் ஓடி வந்து உயிர்ப்பித்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் நிற்காமல் சுற்றிய டிஸ்க் ஒன்று, நின்றபிறகு மறுபடி சுற்றவில்லை. மறுநாள் மத்தியானம்தான் சரியானது. அதற்குள் தசரா கூட்டம் வேறு கம்பெனிகளின் பஸ்களில் ஏறிப் போய்விட்டது.

விடுமுறை முடிந்ததும் மஞ்சுநாத் கரியப்பனைக் கூப்பிட்டார். நானும் போனேன். "ஏன் ஆஃப் மாடினீங்க?" என்று தன் கன்னடத் தமிழில் கேட்டுவிட்டு, அவரே ஒரு தாளை நீட்டினார். மனுஷன் கெட்டவர் இல்லை. "ஓனர் கிட்ட பேசிட்டேன் கரியப்பண்ணா. கட்டளை என்னன்னு தெரியாம அடிச்சுட்டேன்னு இதுல எழுதியிருக்கு. சைன் பண்ணுங்க. அடுத்த மாசம் பர்மனென்ட்."

கரியப்பன் அதை விரல் வைத்துப் படித்தார். "தெரியாம அடிக்கலீங்களே" என்றார்.

"அண்ணா, வெறும் காகிதம்தானே. போட்டுடுங்க" என்றேன். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "ஆயிரத்து நூத்தி நாப்பத்து மூணு நாளுங்க அம்மிணி. ஒரு நாள் நிக்காம ஓடியிருக்குது. அன்னைக்குப் பொட்டு வெக்கும்போது அந்த நம்பரைப் பாத்தேன். அழுகை வந்துருச்சுங்க. பாப்பம்மா செத்தப்பக்கூட எனக்கு வரலைங்க. அழுதுக்கிட்டேதான் ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். அதைத் தெரியாமப் பண்ணுனேன்னு எப்பிடிங்க எழுதறது?"

அதற்குமேல் நாங்கள் வற்புறுத்தவில்லை. கரியப்பன் பேனாவைத் தாளின்மேல் வைத்துவிட்டு எழுந்தார். அந்த வார இறுதியில் வீட்டைக் காலி செய்துகொண்டு குண்டலுபேட்டைக்குப் போய்விட்டார்.